இசைத்தட்டுக்கு ஒரு கருங்கல் மேடை

பழைய ரிக்கார்டு பிளேயர் ஒன்று பரணில் தூசி படிந்து கிடக்கும் வீடுகள் செங்கல்பட்டிலும் மதுராந்தகத்திலும் திருக்கழுக்குன்றத்திலும் இன்றும் உண்டு. அதன் பக்கத்தில் பழந்துணியில் கட்டி வைத்த இசைத்தட்டுகள் இருக்கும். தாத்தா வாங்கிய நாதஸ்வரத் தட்டு, ஒரு திரைப்படத்தின் கதை வசனம், 1963-இல் எச்.எம்.வி. வெளியிட்ட எம்.எஸ். சுப்புலட்சுமியின் சுப்ரபாதம். இவற்றுள் சுப்ரபாதத்தை இன்று கைப்பேசியிலேயே கேட்டுவிடலாம். ஆனால் அந்த நாதஸ்வரத் தட்டு? அது பிற்பாடு ஒலிநாடாவாகவோ குறுந்தட்டாகவோ வராமலே போயிருக்கலாம். அப்படியானால் உங்கள் பரணில் இருப்பது வெறும் பழம்பொருள் அன்று. அந்த வாசிப்பு இந்த உலகில் எஞ்சியிருக்கும் சில இடங்களுள் உங்கள் பரணும் ஒன்று.

அதை எடுத்துத் துடைத்து ஓட்டினால் என்ன கேட்கும்? கரகரப்பு கேட்கும். அடியில் ஓர் உறுமல் இருக்கும். தவில் முழங்க வேண்டிய இடத்தில் காலிப் பானையைத் தட்டுவது போன்ற சத்தம் வரும். ‘தட்டு தேய்ந்துவிட்டது’ என்று வீட்டார் முடிவு கட்டிவிடுவார்கள். அல்லது கைப்பெட்டி வடிவில் விற்கும் மலிவான புது பிளேயர் ஒன்றை வாங்கி வருவார்கள். இரண்டுமே அவசர முடிவுகள். குறை தட்டில் இல்லாமல் இருக்கலாம். அந்தக் குறையோடு தட்டை ஓட்டிக்கொண்டே இருந்தால், இல்லாத குறை தட்டிலும் வந்து சேரும். ஆகவே காசு செலவழிக்கும் முன் கொஞ்சம் இயற்பியல் படிப்போம்.

ஊசி எதை அளக்கிறது?

எல்.பி. தட்டின் ஒரு பக்கத்தில் எத்தனை வரிப்பள்ளங்கள் உள்ளன என்று நண்பர்களைக் கேட்டுப் பாருங்கள். நூறு என்பார்கள், ஆயிரம் என்பார்கள். உண்மையில் ஒன்றே ஒன்றுதான்! ஓரத்தில் தொடங்கி நடுவை நோக்கிச் சுருண்டு செல்லும் ஒரே பள்ளம் அது. நிமிடத்துக்கு 33⅓ சுற்று வீதம் 20 நிமிடம் ஓடினால் 667 சுற்றுகள். சராசரியாகச் சுற்று ஒன்றுக்கு 65 செ.மீ. என்று வைத்துக்கொண்டால் பள்ளத்தின் நீளம் ஏறத்தாழ 430 மீட்டர். உங்கள் மாவட்ட விளையாட்டரங்கின் ஓட்டப் பாதை ஒரு சுற்று 400 மீட்டர் அல்லவா? அதைவிட நீளமான பாதையை ஒரு தட்டின் ஒரு முகத்தில் சுருட்டி வைத்திருக்கிறார்கள்.

பள்ளத்தின் அகலம் சுமார் 50 மைக்ரான். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. நம் தலைமயிரின் பருமன் 70 மைக்ரான் அளவில் இருக்கும். ஆக, மயிரிழையைவிடக் குறுகலான வாய்க்கால் இது. அதன் இரு கரைகளும் 45 பாகைச் சாய்வில் இறங்கி அடியில் சந்திக்கின்றன. ஸ்டீரியோ தட்டில் ஒரு கரையில் இடப்புற ஒலியும் மறுகரையில் வலப்புற ஒலியும் பதிந்திருக்கும். இந்த யோசனைக்கு இங்கிலாந்தின் ஆலன் புளூம்லைன் 1931-இலேயே காப்புரிமைக்கு விண்ணப்பித்துவிட்டார். கடைகளில் ஸ்டீரியோ தட்டு வர மேலும் கால் நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று!

கரைகளின் நெளிவுதான் ஒலி. அந்த நெளிவு எவ்வளவு பெரியது? வினாடிக்கு 1000 அதிர்வுள்ள ஒரு சுரம், நல்ல உரத்த அளவில் பதியப்பட்டுள்ளது என்று கொள்வோம். அப்போது ஊசி முனையின் உச்ச வேகம் வினாடிக்கு 5 செ.மீ. இருக்கும். தனிச்சீரிசை இயக்கத்தில் உச்ச வேகம் = 2π × அதிர்வெண் × வீச்சு என்று படித்திருப்பீர்கள். கணக்கிட்டால் வீச்சு 8 மைக்ரான் என வரும். இது உரத்த ஒலி. பாடகி மூச்சை அடக்கி மெல்ல இழுக்கும் ஒரு கார்வை இதில் நூறில் ஒரு பங்குதான் இருக்கும் என்றால், நெளிவு 0.08 மைக்ரான். பச்சை ஒளியின் அலைநீளமே 0.55 மைக்ரான். ஒளியலையைவிடச் சிறிய அசைவை ஊசி தடவி அறிகிறது!

இவ்வளவு நுட்பமான கருவிக்கு ஒரு பலவீனமும் உண்டு. பள்ளம் ஊசியை அசைத்ததா, மேசை பள்ளத்தை அசைத்ததா என்று அதற்குப் பிரித்தறியத் தெரியாது. தட்டுக்கும் ஊசிக்கும் இடையே எந்த அசைவு ஏற்பட்டாலும் அதைப் பாட்டு என்றே எண்ணிப் பெருக்கிக்கு அனுப்பிவிடும். மோட்டாரின் நடுக்கமும், பக்கத்து அறையில் கதவு சாத்துவதும், கிழக்குக் கடற்கரைச் சாலையில் பேருந்து போவதும் அதற்கு இசையே. வீட்டு பிளேயரை மேம்படுத்துவது என்பதில் பெரும்பகுதி, ஊசியை இப்படி ஏமாற்றும் அசைவுகளை ஒவ்வொன்றாக நீக்குவதுதான். விலையுயர்ந்த பொருளுக்கு இதில் நீங்கள் நினைப்பதைவிடச் சிறிய இடமே உண்டு.

தட்டிப் பாருங்கள்

ஒரு சோதனை செய்யலாம். பிளேயரை ஓடவிடாமல் நிறுத்திவைத்து, அசையாத தட்டின் மேல் ஊசியை மெல்ல இறக்குங்கள். வழக்கமாகக் கேட்கும் அளவுக்கு ஒலியைக் கூட்டுங்கள். இப்போது பிளேயர் இருக்கும் மேசையை விரல் நுனியால் லேசாகத் தட்டுங்கள். ஒலிபெருக்கியில் ‘தொம்’ என்று கேட்கிறதா? அந்தத் ‘தொம்’ நீங்கள் கேட்கும் ஒவ்வொரு பாட்டுடனும் கலந்துகொண்டே இருக்கிறது. ஒலிபெருக்கியும் அதே மேசையில் இருந்தால் நிலைமை இன்னும் மோசம். ஒலிபெருக்கி மேசையை அசைக்கும், மேசை ஊசியை அசைக்கும், ஊசி ஒலிபெருக்கியை அசைக்கும். கோயில் திருவிழாவில் மைக் ஊளையிடுவதும் இதே வகைச் சுழற்சிதான். ஆகவே முதல் சீர்திருத்தத்துக்குச் செலவே இல்லை: ஒலிபெருக்கிகளை மேசையிலிருந்து இறக்கி வேறிடத்தில் வையுங்கள்.

மேனாட்டுப் புத்தகங்கள் பிளேயரைச் சுவரில் அடித்த பலகையில் வைக்கச் சொல்கின்றன. அங்கே பல வீடுகளில் தரை மரப்பலகையால் ஆனது. ஆள் நடந்தால் தரையே துள்ளும். நம் வீடுகளில் தரை சிமென்டும் மொசைக்கும் ஓடும். நடப்பதால் தரை துள்ளாது. மேசையும் இரும்பு பீரோவும்தான் துள்ளும். ஆகவே அந்த அறிவுரையை அப்படியே பின்பற்ற வேண்டியதில்லை. கனமான, ஆடாத ஒரு பீடம் கிடைத்தால் போதும்.

கனத்துக்கு நம் பகுதியில் பஞ்சமா என்ன? மாமல்லபுரத்துச் சிற்பிகளின் பட்டறை வாசல்களில் கருங்கல் துண்டுகள் குவிந்து கிடக்கின்றன. மாவட்டத்தின் வடகோடியில் உள்ள பல்லாவரத்துக் கல்லோ உலகப் புவியியல் நூல்களில் இடம்பெற்றது. கல்கத்தாவில் ஜாப் சார்னாக்கின் கல்லறைக்கல் இந்த வகைக் கல்லால் ஆனது. அதனால் தாமஸ் ஹாலண்ட் என்ற புவியியலார் இதற்குச் ‘சார்னோக்கைட்’ என்று பெயரிட்டார். உலகில் எங்கே இந்த வகைப் பாறை கிடைத்தாலும் அதே பெயர்தான்.

நமக்கு வேண்டியது சிற்பமன்று. ஒரு தட்டையான பலகைக்கல். சமையல் மேடைக்குக் கல் அறுக்கும் கடையில் மிஞ்சிய துண்டு கிடைத்தாலும் சரியே. நீளம் 45, அகலம் 35, தடிமன் 2 செ.மீ. என்றால் பருமன் 3150 கன செ.மீ. கருங்கல்லின் அடர்த்தி கன செ.மீ.க்கு ஏறத்தாழ 2.7 கிராம். எடை எட்டரைக் கிலோ! பிளேயர் நான்கு கிலோ என்றால், கல்லோடு சேர்ந்து பன்னிரண்டரைக் கிலோ ஆகிறது. நியூட்டனின் இரண்டாம் விதிப்படி, அதே விசை இப்போது மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவான முடுக்கத்தையே உண்டாக்கும்.

கல்லை வெறுமனே மேசைமேல் வைத்துவிட்டால் போதாது. ஒரு நாணயத்தால் கல்லைத் தட்டிப் பாருங்கள், ‘கிண்’ என்னும். கடினமான கல் அதிர்வை விழுங்காது, கடத்தும். திருநெல்வேலி நெல்லையப்பர் கோயிலில் இசைத் தூண்கள் இருக்கின்றனவே, அங்கே கல் பாடுவது பெருமை. நம் பிளேயருக்கு அடியில் கல் பாடக் கூடாது! எனவே கல்லுக்கும் மேசைக்கும் நடுவே மெத்தென்று ஏதாவது வேண்டும். சிறுவர் சைக்கிளின் பழைய டியூபை அரைகுறையாகக் காற்றடித்து வட்டமாகப் போட்டு, அதன்மேல் கல்லை வைப்பது மலிவான வழி.

இப்போது நம்மிடம் ஒரு பொருண்மையும் ஒரு சுருள்வில்லும் இருக்கின்றன. அதற்கென்று ஓர் இயல்பு அதிர்வெண் உண்டு. அதைக் கணக்கிடக் கருவி எதுவும் தேவையில்லை, அளவுகோல் போதும். கல்லையும் பிளேயரையும் வைத்ததும் டியூப் எத்தனை செ.மீ. அமுங்கியது என்று அளந்துகொள்ளுங்கள். 5-ஐ அந்த எண்ணின் வர்க்கமூலத்தால் வகுத்தால் தோராயமான அதிர்வெண் கிடைக்கும். ஒரு செ.மீ. அமுங்கினால் வினாடிக்கு 5; இரண்டு செ.மீ. அமுங்கினால் 3.5. (தனி ஊசலின் சூத்திரத்தில் நீளத்துக்குப் பதில் அமுங்கிய தூரத்தைப் போட்டுப் பாருங்கள். இந்த 5 எங்கிருந்து வந்தது என்று விளங்கிவிடும்.) இந்த இயல்பு அதிர்வெண்ணைப்போல் ஏறத்தாழ ஒன்றரை மடங்குக்கு மேற்பட்ட அதிர்வுகளையே இத்தகைய மெத்தை தடுக்கும், அதற்குக் கீழே தடுக்காது, சில சமயம் பெரிதாக்கவும் செய்யும். ஊசி பொருத்திய கைக்கும் 8 முதல் 12 வரை ஓர் இயல்பு அதிர்வெண் இருப்பது வழக்கம். இரண்டும் சேர்ந்துவிடக் கூடாது. ஆகவே டியூப் ஒரு செ.மீ.க்குக் குறையாமல் அமுங்கும்படி காற்றைச் சரிசெய்யுங்கள். அமெரிக்காவில் எட்கர் வில்ச்சூர் 1961-இல் வெளியிட்ட ஏ.ஆர். பிளேயர் இந்தத் தத்துவத்தை உள்ளேயே கொண்டிருந்தது. சுழலும் தட்டையும் கையையும் ஒரே சட்டத்தில் பொருத்தி, அந்தச் சட்டத்தைச் சுருள்வில்களில் தொங்கவிட்டார் அவர்.

டியூப் மேடை ஒரு பக்கம் சாய்ந்திருக்கக் கூடாது. இரசமட்டம் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். பின்னர் மறுபடி விரலால் தட்டிப் பாருங்கள். வித்தியாசத்தை நீங்களே சொல்வீர்கள்.

மூன்று நிமிடத்தில் நூறு

மேடை சரியாகிவிட்டது. இனி, அதன்மேல் சுழல்வது சரியான வேகத்தில் சுழல்கிறதா? நிமிடத்துக்கு 33⅓ என்பது விசித்திரமான எண்ணாகத் தோன்றும். மூன்றால் பெருக்குங்கள்: மூன்று நிமிடத்தில் சரியாக 100 சுற்று. தட்டின் ஓரத்தில் ஒரு காகிதத் துண்டைச் செருகி, நூறு சுற்று முடிய எத்தனை வினாடி ஆகிறது என்று எண்ணுங்கள். 180 வினாடி வர வேண்டும். ஊசி தட்டின்மேல் இருக்கும்போதே எண்ணுவது நல்லது; இழுவையால் வேகம் குறைகிறதா என்பதும் தெரிந்துவிடும்.

பிழை எவ்வளவு இருந்தால் காதுக்குத் தெரியும்? வேகம் சுமார் 6 சதவீதம் கூடினால் சுருதி அரைக்கட்டை ஏறிவிடும். ஐந்து கட்டையில் பாடியவர் ஐந்தரையில் பாடுவார். அதாவது நூறு சுற்று 170 வினாடியில் முடிந்தால் சங்கீதமே இடம் மாறிவிட்டது என்று பொருள். பிளேயருடன் சேர்ந்து வயலின் வாசித்துப் பழகும் மாணவருக்கு இது பெருந்தொல்லை. இன்னொன்று, மெல்ல ஏறி இறங்கும் வேகம். நாதஸ்வரத்தின் நீண்ட கார்வை தள்ளாடினால் தட்டின் நடுத்துளை மையம் தப்பியிருக்கலாம். அல்லது பெல்ட் தளர்ந்திருக்கலாம்.

வேகத்தைக் கெடுப்பது எது என்பது மோட்டாரைப் பொறுத்தது. ஒத்தியங்கு மோட்டார் மின்னழுத்தத்தைப் பார்ப்பதில்லை. மின்சாரத்தின் அதிர்வெண்ணையே பின்தொடரும். 1990-களில் தென்னிந்திய மின்கட்டமைப்பில் மின் பற்றாக்குறையால் அதிர்வெண் 50-இலிருந்து 48 அளவுக்கு இறங்கியதுண்டு. அப்போது வீட்டில் ஓடிய தட்டும் நான்கு சதவீதம் மெதுவாகிப் பாடகரின் குரலைத் தாழ்த்தியது. மின்வாரியத்தின் சங்கடம் சுருதியில் கேட்டது என்றே சொல்லலாம்! 2013-இன் கடைசி நாளன்று தென்னகக் கட்டமைப்பு நாட்டின் பிற பகுதிகளுடன் இணைந்தது. இப்போது அதிர்வெண் 50-ஐ ஒட்டியே நிற்கிறது. ஆனால் வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவந்த, 60 அதிர்வுக்கான பழைய பிளேயர் என்றால் கப்பியை மாற்றாமல் இங்கே அது ஒழுங்காக ஓடாது. 33⅓ என்பது 28-க்கும் கீழே போய்விடும்.

மின்னிணைப்பைக் கழற்றிவிட்டு, பெரியவர் ஒருவர் துணையுடன் பெல்ட்டைப் பாருங்கள். விரிந்தும் பளபளத்தும் போன ரப்பர் பெல்ட்டை மாற்றுவதற்கு அதிகச் செலவில்லை. நடு அச்சுக்கு ஒரே ஒரு சொட்டு தையல் மிஷின் எண்ணெய் விடலாம். தேங்காய் எண்ணெய் மட்டும் வேண்டாம். நாளடைவில் அது பிசினாகி அச்சைப் பிடித்துக்கொள்ளும்.

ஊசியின் பாரம்

இனி எல்லாவற்றிலும் முக்கியமான பகுதிக்கு வருவோம். 1977-இல் வாயேஜர் விண்கலங்களில் பொன்முலாம் பூசிய செப்புத் தட்டு ஒன்றை அனுப்பினார்கள். கேசர்பாய் கேர்க்கரின் பாட்டும் அதில் உண்டு. தட்டை மட்டும் அனுப்பவில்லை. ஊசியையும் கார்ட்ரிட்ஜையும் சேர்த்தே அனுப்பினார்கள். ஊசி சரியில்லாவிட்டால் தட்டு இருந்தும் பயனில்லை என்று அவர்களுக்குத் தெரியும்.

கார்ட்ரிட்ஜ் என்பது ஊசியின் அசைவை மின்சாரமாக மாற்றும் சிறு பெட்டி. பழைய பிளேயர்கள் பலவற்றில் இதற்குள் ரொஷெல் உப்பின் படிகம் இருந்தது. பொட்டாசியம் சோடியம் டார்ட்ரேட் என்ற அதே உப்புதான். வேதியியல் ஆய்வகத்தில் ஃபெலிங் கரைசலில் பார்த்திருப்பீர்கள். இதை வளைத்தால் மின்னழுத்தம் தோன்றும். கியூரி சகோதரர்கள் 1880-இல் கண்டறிந்த அழுத்தமின் விளைவு இது. ஆனால் இந்த உப்பு ஈரம் மிகுந்த காற்றில் நீரை உறிஞ்சிக் கரையும். சுமார் 55 பாகை வெப்பத்தில் சிதைந்துவிடும். நம் கடற்கரைக் காற்றையும் சித்திரை வெயிலில் கொதிக்கும் ஓட்டுக்கூரைப் பரணையும் நினைத்துப் பாருங்கள்! பரணில் இருபது வருடம் கிடந்த படிகக் கார்ட்ரிட்ஜ் ஊமையாகிப்போனதில் வியப்பில்லை. பிளேயரே பாழ் என்று எண்ணி எடைக்குப் போட்டுவிடாதீர்கள். பிற்காலத்தில் வந்த பீங்கான் வகைக் கார்ட்ரிட்ஜ் ஈரத்தையும் வெப்பத்தையும் தாங்கும். அதைப் பொருத்தினால் மறுபடி பேசும்.

ஆனால் படிகமும் பீங்கானும் விறைப்பானவை. அவற்றை அசைக்க ஊசியை அழுத்தி வைக்க வேண்டும். 5 கிராம் பாரம் சாதாரணம். காந்த வகைக் கார்ட்ரிட்ஜில் ஊசித் தண்டின் மறுமுனையில் கடுகளவு காந்தம் ஒன்று, அசையாத கம்பிச் சுருள்களுக்கு நடுவே ஆடுகிறது. சைக்கிள் டைனமோவின் தத்துவம்தான். இதற்கு 2 கிராம் அளவு பாரமே போதும்.

ஐந்துக்கும் இரண்டுக்கும் என்ன பெரிய வித்தியாசம் என்கிறீர்களா? 2 கிராம் என்பது 0.02 நியூட்டன். 45 பாகைச் சாய்வால் ஒவ்வொரு கரைக்கும் 0.014 நியூட்டன் விழுகிறது. ஊசி கரையைத் தொடும் இடம் 8 மைக்ரான் விட்டமுள்ள வட்டம் என்று கணக்குக்காகக் கொள்வோம். பரப்பு 50 சதுர மைக்ரான். விசையைப் பரப்பால் வகுத்தால் 28 கோடி பாஸ்கல் வருகிறது. வளிமண்டல அழுத்தத்தைப்போல் ஏறத்தாழ 2800 மடங்கு! சீராக மழித்த வைர முனையின் கீழ் தட்டின் வினைல் இதற்கு வளைந்துகொடுத்துவிட்டு மீண்டும் நிமிர்கிறது. பாரம் மிதமிஞ்சினாலோ முனை உடைந்திருந்தாலோ நிமிராது, செதுக்கப்பட்டுவிடும். முதலில் போவது மிக நுண்ணிய நெளிவுகள். அதாவது ஜாலராவின் கலகலப்பும், பாடகரின் ‘ச’, ‘ஷ’ ஒலிகளும். போனவை திரும்பா. மலிவான கைப்பெட்டி பிளேயரைப் பற்றி நான் தயங்குவது இதனால்தான். அவற்றுள் பெரும்பாலானவற்றில் பீங்கான் கார்ட்ரிட்ஜும் சரிசெய்ய முடியாத கனத்த பாரமும் இருக்கின்றன.

கையின் பின்புறம் எதிரெடை உள்ள பிளேயர் உங்களிடம் இருந்தால் காந்தக் கார்ட்ரிட்ஜுக்கு மாறலாம். எதிரெடை இல்லையென்றால் பீங்கானோடு நிறுத்திக்கொண்டு, புது ஊசி மட்டும் போடுங்கள். மாறுகிறவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. பீங்கான் தருவது சில நூறு மில்லிவோல்ட். காந்தம் தருவது 5 மில்லிவோல்ட் அளவே. தவிர, தட்டு வெட்டும்போது பள்ளம் அகன்றுவிடாதிருக்கத் தாழ்ந்த சுரங்களைக் குறைத்தும், இரைச்சலை அமுக்குவதற்காக உச்ச சுரங்களைக் கூட்டியும் பதிகிறார்கள். 1954 முதல் இதற்கு ஆர்.ஐ.ஏ.ஏ. அளவுமுறை என்ற பொது விதி உண்டு. கேட்கும்போது அதைத் தலைகீழாகத் திருப்ப வேண்டும். இவ்விரண்டு வேலைகளையும் செய்யும் ‘போனோ’ முன்பெருக்கி இல்லாமல் நேரே இணைத்தால், கொசு பாடுவது போலத்தான் கேட்கும். ‘புதுக் கார்ட்ரிட்ஜ் சரியில்லை’ என்று திருப்பிக் கொடுப்பவர்களில் பலர் செய்யும் தவறு இது.

பாரத்தை அளக்கப் பள்ளியில் படித்த திருப்புத்திறன் விதி போதும். பிளாஸ்டிக் அளவுகோல் ஒன்றை, தட்டு இருக்கும் உயரத்தில் ஒரு பென்சிலின்மேல் நடுவாக நிறுத்துங்கள். இரு முனைகளிலும் சம தூரத்தில் ஒரே மாதிரியான இரண்டு சிறு மூடிகளை ஒட்டிச் சமன் செய்யுங்கள். ஊசியில்லாத ஊசிமருந்துக் குழாயால் ஒரு மூடியில் 2 மில்லி தண்ணீர் விடுங்கள். 2 மில்லி தண்ணீர் 2 கிராம். மற்ற மூடியின் நடுவில் பிளேயரின் ஊசியை மெல்ல இறக்குங்கள். அளவுகோல் சமனில் நிற்கும்வரை எதிரெடையைத் திருப்புங்கள். இரும்பு அளவுகோல் கூடாது. காந்தம் இழுத்துக் கணக்கைக் கெடுத்துவிடும். அந்தந்தக் கார்ட்ரிட்ஜுக்கு எவ்வளவு பாரம் என்பதை அதன் தயாரிப்பாளர் குறித்திருப்பார். அதற்கேற்பத் தண்ணீரின் அளவை மாற்றிக்கொள்ளுங்கள். குறைந்த பாரமே நல்லது என்று மிகவும் குறைத்துவிடவும் வேண்டாம். ஊசி கரையை விட்டுத் துள்ளி மறுபடி விழுந்தால் சேதம் அதிகம்.

ஊசி முனையின் வடிவத்தையும் சொல்லிவிட வேண்டும். தட்டு சுழலும் வீதம் ஒன்றே என்றாலும், ஓரத்தில் ஊசியின் கீழே வினாடிக்கு 51 செ.மீ. பள்ளம் ஓடுகிறது, நடுவை நெருங்கும்போது 21 செ.மீ.தான். 10,000 அதிர்வுள்ள ஒலியின் ஓர் அலை, ஓரத்தில் 51 மைக்ரான் நீளம் பிடிக்கிறது. உள்ளே 21 மைக்ரானில் நெருங்கிவிடுகிறது. 18 மைக்ரான் ஆரமுள்ள உருண்டை முனையால் அந்த நெருக்கத்துக்குள் நுழைய முடியாது. தட்டின் கடைசிப் பாட்டு மட்டும் எப்போதும் கம்மலாகக் கேட்பதற்கு இது ஒரு காரணம். பக்கவாட்டில் 8 மைக்ரான் ஆரமே உள்ள நீள்வட்ட முனை இதைப் பெரிதும் சரிசெய்யும். நிமிடத்துக்கு 78 சுற்றும் பழைய அரக்குத் தட்டின் பள்ளமோ இதைவிட மிக அகலம். எல்.பி. ஊசியை அதில் போட்டால் அடியில் கிடக்கும் தூசியைத்தான் உழும். அதற்கு மூன்று நான்கு மடங்கு பருத்த முனை வேண்டும்.

உப்புத் தண்ணீர், வெயில், பூஞ்சணம்

தட்டைக் கழுவலாமா? கழுவலாம், ஆனால் கிணற்று நீரால் அன்று. மாமல்லபுரத்திலும் கோவளத்திலும் கடலை ஒட்டிய பல கிணறுகளில் தண்ணீர் உவர்ப்பாக இருக்கும். அது உலரும்போது பள்ளத்துக்குள் உப்புப் படிகங்கள் தங்கிவிடும். ஒவ்வொன்றும் ஊசிக்கு ஒரு பாறை. பாட்டரிக்கு ஊற்றும் வாலை வடிநீரில் ஒரு சொட்டு மென்மையான சோப்புக் கரைசல் கலந்து, மெல்லிய துணியால் பள்ளத்தின் போக்கிலேயே துடையுங்கள். பின் வெறும் வடிநீரால் அலசி, நிழலில் நிறுத்தி உலர்த்துங்கள். நடுவில் உள்ள காகிதச் சீட்டு நனையக் கூடாது. ஸ்பிரிட் கலந்த திரவத்தை 78 சுற்றுத் தட்டில் ஒருபோதும் போடாதீர்கள். தச்சர் அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துத்தானே மரத்துக்குப் பாலிஷ் போடுகிறார்? உங்கள் தட்டும் அப்படியே கரையும்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் காகித உறைகளில் பூஞ்சணம் பூக்கும். தட்டுகளைச் சுவரை ஒட்டி வைக்காமல், காற்றோட்டமான அலமாரியில் நிமிர்த்தி வையுங்கள். படுக்கை வசத்தில் அடுக்கினால் எடையால் வளையும். சித்திரை வெயிலில் பூட்டிய காருக்குள் ஒரு மணி நேரம் விட்டுவந்தாலே வினைல் தட்டு அப்பளம்போல் நெளிந்துவிடக்கூடும். கடற்காற்று பட்ட இடங்களில் கார்ட்ரிட்ஜின் நான்கு ஊசிக்கால்களிலும் கம்பி முனைகளிலும் களிம்பு ஏறும். ஒரு பக்க ஒலிபெருக்கி விட்டுவிட்டுப் பேசினால், பெருக்கியைச் சந்தேகிக்கும் முன் பிளேயரை அணைத்துவிட்டு இந்த முனைகளைத் துடைத்துப் பாருங்கள்.

எதை முதலில் வாங்குவது என்று கேட்பீர்கள். என் கருத்தில் முதலில் ஊசி, பிறகு பெல்ட். கல்லும் டியூபும் ஏறக்குறைய இலவசம். இருக்கும் ஊசி இன்னும் நல்லதா என்று தெரியவில்லை என்றால், அதை மட்டும் கழற்றி ஒரு சிறு பெட்டியில் வைத்துப் பள்ளிக்கு எடுத்துச் செல்லுங்கள். வைர முனை சுமார் 500 முதல் 1000 மணி நேரம் உழைக்கும். நீலக்கல் முனைக்குச் சில பத்து மணி நேரமே ஆயுள். எத்தனை மணி ஓடியது என்று வீட்டில் யாரும் கணக்கு வைத்திருக்கமாட்டார்கள். ஆகவே உங்கள் உயிரியல் ஆசிரியரிடம் அனுமதி கேட்டு, வெங்காயத் தோல் பார்க்கும் அதே நுண்ணோக்கியில், பக்கவாட்டிலிருந்து ஒளி விழும்படி செய்து முனையைப் பாருங்கள். நூறு மடங்கு பெருக்கம் போதும். முனை உருண்டையாக, ஒரே ஓர் ஒளிப்புள்ளியுடன் தெரிந்தால் கவலையில்லை. இரு புறமும் கண்ணாடித் துண்டு போலத் தட்டையான இரண்டு முகங்கள் மின்னினால், அந்த ஊசியைத் திரும்ப மாட்டாதீர்கள். புதியது வரும்வரை நாதஸ்வரத் தட்டு உறைக்குள்ளேயே இருக்கட்டும்.